எலுமிச்சம்பழம் வைக்கும் முன் டயரைப் பாருங்கள்

கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் இருக்கும் என் மகன் ஒவ்வொரு வருடமும் நவம்பர் மாதம் போன் பேசும்போது தவறாமல் ஒன்று சொல்வான். "அப்பா, இந்த வாரம் டயர் மாத்தணும்." முதல் தடவை கேட்டபோது, "ஏண்டா, போன வருஷம்தானே கார் வாங்குன, அதுக்குள்ள தேஞ்சு போச்சா?" என்றேன். சிரித்தான். அங்கே கோடைக்கு ஒரு செட் டயர், குளிருக்கு ஒரு செட். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் போய்ப் பிடிமானம் குறைந்துவிடுமாம். அவன் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம். சட்டமே போட்டிருக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல அந்தத் தொல்லையெல்லாம் இல்லப்பா. அருப்புக்கோட்டைக்குக் குளிர்காலமே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னேன். பல வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019 ஜனவரியில் ஒரு காலை நேரம் அந்த நினைப்பை மாற்றியது.

பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். தூத்துக்குடியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விடிவதற்குள் நானும் மனைவியும் கிளம்பிவிட்டோம். நல்ல பனி. பந்தல்குடி தாண்டி நான்கு வழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன லாரி ஒன்று புழுதியைக் கிளப்பியது. கண்ணாடியில் ஏற்கெனவே பனி ஈரம். வைப்பரைப் போட்டேன். அது ஈரத்தையும் புழுதியையும் சேர்த்துக் குழைத்துக் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இழுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இடது பக்கத்திலிருந்து இளம் வெயில் சாய்வாக விழுந்தது. எனக்கு முன்னால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"ஏங்க! ஏங்க!" என்று மனைவி கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோதுதான் தெரிந்தது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து போகிறவர்கள். பச்சை வேட்டி, தலையில் மூட்டை. கடைசியில் வந்துகொண்டிருந்தவருக்கும் என் பம்பருக்கும் நடுவில் நாலைந்து அடிதான் இருந்திருக்கும்.

என்னைவிட வயதில் மூத்தவர் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "கண்ணாடியத் தொடச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. பின்னால பிள்ளைக வருது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். இறங்கித் துடைத்தேன். கை நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் சொன்ன பிள்ளைகள் வந்தார்கள். நான்கு சிறுவர்கள், பேசிச் சிரித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள்.

ஊர் திரும்பியதும் வழக்கமாகப் போகும் மெக்கானிக் தம்பியிடம், "பனியில வைப்பர் போயிருச்சு, மாத்திக் குடுப்பா" என்றேன். அவர் பிளேடைக் கழற்றி விரலால் நெருடினார். ரப்பர் கரித்தூள்போல் உதிர்ந்தது. "சார், இது பனியில போகல. சித்திரை வெயில்லயே போயிருச்சு. ஒங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். நம் கரிசல் காட்டில் காரைக் கெடுப்பது வெயில். கெட்டதைக் காட்டிக்கொடுப்பது மழையும் பனியும். மாசியிலிருந்து புரட்டாசி வரை வைப்பர் ரப்பர், டயரின் பக்கச்சுவர், கதவு ஓரத்து பீடிங், ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி எல்லாம் மெதுவாக வெந்துகொண்டே இருக்கின்றன. அந்த மாதங்களில் வைப்பரைத் தொடுவதே இல்லையே, எப்படித் தெரியும்? வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. நம் ஆண்டு மழையில் பெரும்பங்கு அடுத்த இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பரீட்சை அன்றைக்குத்தான் புத்தகத்தைத் திறப்பது மாதிரி, மழை அன்றைக்குத்தான் நாம் வைப்பரைப் பார்க்கிறோம்.

"அதெல்லாம் சர்வீஸுக்கு விட்டால் அவங்களே பார்த்துக்குவாங்க" என்று என் வயது நண்பர்கள் சொல்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், நாம் தேய்மானத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறோம். ஓய்வு பெற்றவனின் கார் எவ்வளவு ஓடும்? கோயில், கல்யாணம், மதுரை ஆஸ்பத்திரி. என் கார் வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஆனால் ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வெயில்தான் தெரியும். ஓடாமல் வாசலில் நிற்கிற காருக்கும் வயதாகிறது, நம்மைப் போல.

எனவே என் கருத்து இது. கியூபெக்கில் சட்டம் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. நமக்கு அந்த நாளைப் பெரியவர்கள் எப்போதோ குறித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆயுத பூஜை. பருவமழைக்குச் சில நாளோ சில வாரமோ முன்னால் சரியாக வருகிறது. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியத்தான் போகிறோம். குனிந்த அந்த ஒரு நிமிடம் டயரையும் பார்த்தால் என்ன? ஆயுதத்தைச் சாணை பிடித்துத் துடைத்து வைப்பதும் அந்தப் பூஜையில் சேர்ந்ததுதானே.

அன்றைக்கு நான் பார்க்கிறவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வைப்பர். ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிப் போட்டுப் பார்ப்பேன். கோடு விழுந்தாலோ கிறீச்சிட்டாலோ யோசிக்காமல் மாற்றிவிடுவேன். சில நூறு ரூபாய் விஷயம். கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியில் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு படிந்து துளை அடைத்துக்கொள்ளும்.

அடுத்து டயர். பள்ளங்களுக்கு நடுவில் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று அர்த்தம். காருக்குச் சட்டப்படி அதுதான் கடைசி எல்லை. மழைச் சாலையில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான் என்பதால் எல்லை வரை காத்திருக்க வேண்டாம் என்பேன். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரை நம்பக் கூடாது. அப்படியே ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடித்துவிடுங்கள். மழை பெய்தால் ஓரத்துச் சீமைக்கருவேல முள்ளெல்லாம் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு வரும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது பேட்டரி. அதைக் குளிர் கொல்வதாக மேல்நாட்டில் சொல்வார்கள். இங்கே கொல்வது எஞ்சின் சூடும் மே மாதமும். மழை இரவில் விளக்கு, வைப்பர், ஏசி மூன்றும் சேர்ந்து இழுக்கும்போது அதன் வண்டவாளம் தெரியும். மூன்று வருடம் தாண்டிவிட்டால் பேட்டரிக் கடையில் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைப்பதால் பேட்டரிக்கு நஷ்டம்தான். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள். பாலையம்பட்டி வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் உங்களுக்கும் நல்லது.

நான்காவது ரேடியேட்டர். நம் பக்கம் உறைபனி இல்லை, கூலண்ட் எதற்கு என்று போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலண்ட் உறையாமல் மட்டும் காப்பதில்லை. துருப்பிடிக்காமலும், தண்ணீர் எளிதில் கொதிக்காமலும் காக்கிறது. உப்புத் தண்ணீர் குழாய்க்குள் படிவது, நம் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கதைதான்.

பூஜை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சந்தனத்தையும் விபூதியையும் கண்ணாடியிலும் ஹெட்லைட்டிலும் வைக்காதீர்கள். பானெட்டில் வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

இனி மழை நாள். ஓட்டும்போது கண்ணாடி மங்கினால், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் என்றால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் தெளிந்துவிடும். வெளிப்பக்கம் என்றால் ஏசியில் கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது. ஏசியைக் குறைத்து வைப்பரைப் போட வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பேர் துண்டை எடுத்து ஓட்டிக்கொண்டே துடைக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கரிசல் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. எதிரே வண்டி வருகிறதென்று தார் ரோட்டை விட்டு இறங்கினால், கோடையில் கல்லாக இருந்த அதே மண் மழையில் சக்கரத்தை விழுங்கும். ஏறிய பிறகும் விடாது. சக்கரத்தின் மேல்பக்கத்திலும் கதவுக்கு அடியிலுள்ள சின்னத் துளைகளிலும் அடைத்துக்கொண்டு காய்ந்துவிடும். தண்ணீர் வடிய வழியில்லாமல் தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மழை விட்டதும் அந்த இடங்களைக் கழுவிவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. குண்டாற்றைப் பத்து மாதம் மணலாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். மேற்கே மலைப்பக்கம் பெய்த மழை திருமங்கலம் வழியாக இறங்கி வரும்போது, திருச்சுழியில் வானம் வெளுத்துக்கூட இருக்கும். "நம்ம ஆறுதானே" என்று தரைப்பாலத்தில் காரை விடக் கூடாது. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். ரயில்வே சுரங்கப்பாதையும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் துடையூரில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி ஒருவர் இறந்தே போனார். புதுக்கோட்டையும் நம்மைப் போல வறண்ட பூமிதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. நம் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். இனிமேல் "நம்ம ஊர்ல என்ன பெரிய மழை" என்று யாரும் சொல்ல முடியாது.

தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, ராடு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் செலவு பெரும்பாலும் சேராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். புதுப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி, தையில் இன்னும் இரண்டு விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். எஞ்சின் கதகதப்புக்குப் பூனை படுத்திருக்கும், எலி வயரைக் கடித்துக்கொண்டிருக்கும். அடுத்தது, ரோட்டில் காயப் போடும் உளுந்தங்கொடியும் குதிரைவாலித் தாளும். அதன்மேல் ஏறினால் அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கக்கூடும். ஏற வேண்டி வந்தால் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதை இழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். விவசாயியைத் திட்டிப் பயனில்லை. ஊருக்குப் போதுமான களம் இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வருகிறார்?

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஒரு காருக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்கலாம். பேட்டரியும் ரேடியேட்டரும் என் பணத்துக்காக. வைப்பரும் டயரும் விளக்கும் அப்படி இல்லை. நான் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ரோட்டோரம் நடக்கிறவருக்கு என் வைப்பர்தான் காப்பு.

2019-க்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைப்பர் பிளேடு புதிதாக மாற்றிவிடுகிறேன், பழையது நன்றாக இருந்தாலும். "காசு மிச்சமா இருக்கோ?" என்று மனைவி கேட்பதில்லை. அந்தக் காலையில் அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.