நாளங்காடியும் நம் ஊர் நடுவும்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அதற்கு மறுநாள் மாலை குமரன் சாலையிலும் காதர்பேட்டையிலும் ஒருமுறை நடந்து பார்த்தவர்கள் இந்த ஊரின் மெய்யான முகத்தைக் கண்டிருப்பார்கள். வாரம் முழுவதும் கட்டிங்கிலும் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் உழைத்தவர்கள் அன்றுதான் ஊரைப் பார்க்க வருகிறார்கள். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே கடை வாசலில் பேரம் பேசுகின்றன. குழந்தையைத் தோளில் சுமந்தபடி பேருந்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் இடையே ஒதுங்கி நடக்கிறார்கள். நிற்க நிழலில்லை, உட்காரத் திண்ணையில்லை, பெண்கள் அவசரத்துக்குப் போகவும் இடம் தேட வேண்டியிருக்கிறது. 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரின் நடுப்பகுதி இது.

இந்த நிலை மாற வேண்டும் என்று குடியிருப்போர் நலச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் வணிகர்களும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் மனுக் கொடுத்து வருகிறார்கள். நடைபாதை, கழிப்பிடம், வாகன நிறுத்தம், மழைநீர் வடிகால் என அவர்கள் கேட்பவை அனைத்தும் நியாயமானவை. அவர்களோடு நாமும் நிற்கிறோம். ஆயினும் அந்தக் கோரிக்கைக்குள் விடுபட்டிருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறோம்.

2017ஆம் ஆண்டு திருப்பூர் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பழைய பேருந்து நிலையமும் தினசரி மார்க்கெட்டும் புதிதாகக் கட்டப்பட்டன. 2025 மார்ச் 31 அன்று அத்திட்டம் நாடு முழுவதும் நிறைவுற்றது. கட்டடங்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரைபடம் இருந்தது, ஒரு ஒப்பந்தம் இருந்தது. பேருந்திலிருந்து இறங்கியவர் சந்தைக்கு எப்படி நடந்து போவார், திரும்பி எங்கே நிற்பார் என்ற கேள்விக்கு மட்டும் வரைபடம் இல்லை. தனித்தனிப் பணிகளின் கூட்டுத்தொகை ஒரு ஊர் ஆகிவிடாது.

சிலப்பதிகாரத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நம் நினைவு இங்கேதான் வந்து நிற்கும். புகார் நகரத்தில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள். இரண்டுக்கும் இடையில் ஒரு சோலை. அதன் மரங்களையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி நடந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். பல தேயத்திலிருந்து பொருளீட்ட வந்தவர்கள் மருவூர்ப்பாக்கத்தில் கலந்து உறைந்த செய்தியையும் அவர் மறக்காமல் பதிவு செய்கிறார். ஊரின் நடு என்பது இரு பக்கத்தாருக்கும் பொதுவான நிழலாக இருந்திருக்கிறது. காப்பியக் கற்பனை என்று இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நல்ல நகரம் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்றே நம்மிடம் இருந்தது என்பதற்கு அது சான்று.

நம் மனுக்களில் பெரும்பாலும் முதல் வரியாக வருவது சாலையோரக் கடைகளை அகற்றுங்கள் என்பதே. இங்குதான் நாம் வேறுபடுகிறோம். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இந்தச் சிக்கலுக்கு வழி சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே; குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடமுண்டு. எங்கே கடை, எங்கே நடைபாதை என்பதை இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் இன்று அகற்றினால் நாளை மறுநாள் அதே இடத்தில் கடை முளைக்கும். வாங்குகிறவர் அங்கே நடக்கிறார் என்பதால்தானே அது முளைக்கிறது?

1915ல் சென்னை மாகாண ஊர்களை ஆராய்ந்த நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ், தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு இதைத்தான் சொன்னார். நெருக்கமான குடியிருப்புகளைப் பிளந்து நேர்ச்சாலை போடும் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, இருக்கும் சந்துகளைச் சீர்ப்படுத்தி, கிடைக்கும் வெற்றிடத்தில் மரம் வைக்கலாம் என்றார். முதலில் தெருவில் நடந்து பார்ப்பது, பிறகு கோடு போடுவது என்பது அவருடைய முறை. நூறாண்டுகள் கடந்தும் நாம் கோட்டை முதலில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களால் என்ன நேரும் என்பதைத் திருப்பூருக்கு வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறைகள் பெருகியபோது நொய்யலின் கீழ்ப்பகுதி உழவர்களை எவரும் கேட்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. பாசன உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது ஊரே நிலைகுலைந்தது. அதே ஆண்டு நவம்பரில் பெருமழையின் வெள்ளம் ஓடைக்கரைக் குடியிருப்புகளில் புகுந்து உயிர்களைக் கொண்டு போயிற்று. திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட உழவரும் ஓடையும் ஒரே ஆண்டில் திரும்பி வந்தார்கள்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் வார்டுக் குழு, பகுதி சபை அமைக்க 2022ல் விதிகள் வகுக்கப்பட்டன. நகர நடுவுக்கான எந்த வரைபடமும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் அந்தச் சபைகளில் வைக்கப்பட வேண்டும். அதன் படியொன்று பேருந்து நிலையத்தில், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் விளக்கத்தோடு ஒட்டப்பட வேண்டும். கருத்துக் கேட்பு ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். வேலை நாளில் நடத்தினால் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமே வருவார்கள். வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவரின் வாக்கு சொந்த ஊரில் இருக்கலாம். கால் நடப்பதென்னவோ நம் தெருவில்தான். குடியிருப்போர் என்ற சொல்லுக்குள் அவரும் வரவேண்டும்.

வந்தவர்களுக்கு ஊரில் என்ன உரிமை என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். நம் சாலைக்குப் பெயரளித்த குமரன் பிறந்தது சென்னிமலையில். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, ஆலையில் வேலை பார்த்து, 1932 ஜனவரியில் இந்தத் தெருவில்தான் தடியடி பட்டு வீழ்ந்தார். அவரும் ஒருநாள் இவ்வூருக்கு வந்து சேர்ந்தவர்தாம்.