நோட்டீசில் இல்லாத பெயர்

மார்கழி வந்தால் மயிலாப்பூரில் சபா கேன்டீன் இட்லிக்குக்கூட விமர்சனம் எழுதுவார்கள். அதே மயிலாப்பூரில் ஒரு சாவு விழுந்தால், பறையடிக்க வந்த அண்ணன் பெயரை எவனும் கேட்க மாட்டான். தி.நகரில் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்து நாள் பூரா கையெழுத்துச் சரிபார்ப்பவன் நான். பெயர் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தெரியும்.

டியூக் எலிங்டன் என்ற கறுப்பின ஜாஸ் மேதையின் குழு, 1927 முதல் 1931 வரை நியூயார்க் காட்டன் கிளப்பில் வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், நாற்காலியில் வெள்ளையர்கள். அந்த மேடையிலிருந்தபடியே எலிங்டன், தன் குழுவில் யார் எப்படி ஊதுவார் என்று பார்த்துப் பார்த்து, அவரவருக்கென்றே இசை எழுதினார். குழுத்தலைவன் வேலை அதுதான். கூட்டத்தில் ஒருத்தனும் காணாமல் போகக்கூடாது.

இங்கே அந்த வேலையைச் செய்தவர் டென்மா. 'குரங்கன்' குழுவில் இருந்தவர். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடையேறினார்கள். குழுவின் பெயருக்கு வேர், அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற சொல். கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். பறை, சட்டி, கட்டமோளம் அதே வரிசையில். அறிவு ராப் பாடினார். கானா பாடிய இசைவாணியை 2020ல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்திலேயே கானாவுக்கும் பறைக்கும் மேடை.

சரி, நம்ம யோக்கியதை என்ன தோழர்களே?

அடையாறில் நாங்க சில பேர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டோம். பறையோடு ஆரம்பிச்சோம், கை வலிக்கத் தட்டினோம். அப்புறம் பேச்சாளர்கள் மேடையில், அடிச்சவங்க படிக்கட்டுல. நோட்டீசில் பேச்சாளர்களுக்குப் பட்டத்தோடு பெயர். அவங்களுக்கு 'பறையிசை' என்று ஒரே வார்த்தை. எழுதினது நான்தான். கடைசியில் ஒரு துண்டு, பஸ் காசு. கிளம்பும்போது பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, எம் பேரு தெரியுமா?"

தெரியலை.

அடுத்த நோட்டீசில் வாசிப்பவர் பெயர் இருக்கணும். கூலி பேசி முன்னாடியே கொடுக்கணும். பேச்சாளருக்குப் பக்கத்தில் நாற்காலி போடணும். இது முடியாதுன்னா பறையை ஏன் கூப்பிடணும்? செல்போனில் போட்டுக் கேட்டுக்கலாம்.