வியாகுலப் பிரசங்கத்தைப் பாட ஆள் வேண்டும்

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினர். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சையெடுத்தே விசுவாசிகளைத் தேடிக் கண்டார். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்து வைத்துக் காத்தது. குருவில்லாத காலத்தில் இங்கே மறையைக் காப்பாற்றியவர்கள் பொதுநிலையினர். வீட்டுச் செபமும் மனப்பாடமான மந்திரங்களுமே அவர்களின் துணை.

இன்று தடை போட எவருமில்லை. ஆனால் மாலைச் செபத்துக்கு வீடு கூடுவதில்லை. பாதிக் குடும்பம் கனடாவில். இருக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறும் ரியூசன். மறைக்கல்வி வகுப்பு பரீட்சையோடு போட்டியிட்டுத் தோற்கிறது. இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமல்ல. ஞாயிறு காலையை ரியூசனுக்குக் கொடுத்தவர்கள் பெற்றோராகிய நாமே.

இப்படிக் கைநழுவும் மரபுகளில் ஒன்றான, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைப் பாருங்கள். தவக்காலத்தில் முதியவர் ஒருவர் ஏட்டை விரித்து, இழுத்து நிறுத்தி, குரல் தழுதழுக்க அதைப் பாடும்போது, கிறிஸ்துவின் பாடுகள் கேட்பவர் நெஞ்சில் இறங்கும். பதிவுசெய்த ஒலியை ஒலிபெருக்கியில் போட்டால் அது நடக்காது. ஆதலால் ஒவ்வொரு பங்கும் வரும் தவக்காலத்துக்கு முன்பே இராகமறிந்த முதியவர்களிடம் இளையோர் சிலரை அனுப்பட்டும். பாடலோடு பொருளையும் குருக்கள் விளக்கட்டும். அந்தப் பயிற்சி நேரத்தில் ரியூசன் வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் உறுதியாகச் சொல்லட்டும்.