பிழைத்தவரைக் கோழை என்னாதீர்கள்

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, உயிர் தப்பித் திருப்பூரில் வீடு வந்து சேரும் பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்: "உசுரு பொழச்சதே பெருசுங்க. கைகாலும் நல்லாத்தான இருக்குது, அப்புறமென்ன பயம்? மனசைத் தைரியமா வெச்சுக்குங்க." அன்பால் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறான நம்பிக்கை, ஆபத்தான நம்பிக்கையும்கூட.

ரத்தம் கசிந்தது மூளையில். பயம், தூக்கம், அழுகை, கவனம் எல்லாவற்றையும் ஆள்வது அதே மூளை. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதற்ற நோயும் பரவலாகவே வருகிறது. மூளை ரத்தக்கசிவும் பக்கவாதத்தில் ஒரு வகைதான். லேசாகத் தலை வலித்தாலும் மறுபடி வெடித்துவிட்டதோ என்று நெஞ்சு படபடக்கிறது. தூங்கினால் விழிக்க மாட்டோமோ என்று இரவெல்லாம் கண் மூடுவதில்லை. இதைக் கோழைத்தனம் என்பது, காய்ச்சலில் நடுங்குகிறவனைக் கோழை என்பதற்குச் சமம்.

தைரியம் சொல்லி வாயை அடைத்தால் என்ன ஆகும்? தலைவலியைச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று மறைக்கிறவர், உடனே 108க்கு அழைக்க வேண்டிய கடும் தலைவலியையும் ஒருநாள் மறைத்துவிடுவார். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குகிறவரின் ரத்த அழுத்தம் ஏறும். அடுத்த கசிவுக்கு அதுவே வழி.

"வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்" என்பது இன்னொரு மருந்து. வேலை மனதைத் தேற்றும்தான். ஆனால் பீஸ் ரேட்டில், ஷிப்மென்ட் நெருக்கடியில், ஒன்றரை ஷிப்டு ஓவர்லாக் ஓட்டுவது தேறி வருகிறவர் செய்யும் வேலையா? முதலில் அரை ஷிப்டு, இடையிடையே ஓய்வு, பிறகு முழு ஷிப்டு என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். இ.எஸ்.ஐ. தரும் 91 நாள் நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம்தான். அது போதாமல் அவரை வேலைக்கு அவசரப்படுத்துவது பசிதான். அதை மனத்திடம் என்று மெச்சாதீர்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநோய்க்கு உடல்நோய்க்கு இணையான சிகிச்சை தர வேண்டும் என்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் பிரஷர் மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் வீட்டுக்கே கொண்டு வருகிறது. 2022இல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். வடமாநிலத் தொழிலாளி இந்தியிலும் பேசலாம். இத்தனையும் இருந்தும், "தூக்கம் வருதா, பயமா இருக்குதா?" என்று நோயாளியைக் கேட்க ஆளில்லை.

அந்தக் கேள்வியை மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே கேட்க வேண்டும். கம்பெனி அரை ஷிப்டு தர வேண்டும். குடும்பமோ, பிரஷர் பார்க்கக் கூட்டிப்போகிற அதே கையோடு மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும்.