தொண்ணூறு மணி கேட்கும் கனவான்களுக்கு ஒரு தாயின் வாரக் கணக்கு

வாரத்துக்கு 70 மணி நேரம் உழையுங்கள் என்று 2023 அக்டோபரில் இளைஞர்களுக்கு உபதேசம் செய்தார் இன்போசிஸ் நாராயணமூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்டு டி கம்பெனியின் தலைவர் சுப்ரமணியன் அவரையும் மிஞ்சிவிட்டார். அவருக்கு 90 மணி வேண்டுமாம்! ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேள்வி வேறு!

வீடு என்றால் உட்கார்ந்து முகம் பார்க்கிற இடம் என்று இந்தக் கனவான்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் உலை வைப்பது யார், துணி துவைப்பது யார், பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார் என்று அவர்கள் ஒரு நாளாவது யோசித்ததுண்டா? அவர்களுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு தாயின் வாரத்தைக் காட்ட விரும்புகிறோம். இது ஒருத்தியின் கதை அல்ல. அங்கே லைன் வீடுகளில் கதவுக்குக் கதவு இதே கதைதான்.

திங்கட்கிழமை விடியுமுன் எழுந்தாக வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நாளென்றால் குடங்களோடு வரிசை. ஓர் அடுப்பில் சோறு, மறு அடுப்பில் குழம்பு. நாலு டப்பாவில் சோறு கட்டுவதற்குள் மூத்தவனுக்கு ஒரு காலுறை காணோம்; சின்னவளுக்கு வாத்தியாரம்மா கேட்ட கையெழுத்து நினைவுக்கு வருகிறது. எட்டரைக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். செவ்வாயும் இப்படியே. புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். லீவு போட்டால் சம்பளம் போச்சு. போடாவிட்டால் மனம் கேட்காது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓடுகிறாள். கை துணியைத் தைக்கிறது, காது போன் மணிக்குக் காத்திருக்கிறது. வியாழன், வெள்ளி ஷிப்மெண்ட் அவசரம், ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை சம்பளம். கவரைப் பிரிக்குமுன்பே மளிகைக் கடைப் பற்று, வாடகை, குழுக் கடன் தவணை என்று பங்கு கேட்க ஆள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையோ ஒரு வாரத்து அழுக்குத் துணி மலைபோல் குவிந்து கிடக்கிறது!

சரி, கணக்குப் போடுவோம். கனவான்களுக்குச் சலுகை கொடுத்தே போடுவோம். ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒன்றரை மணியைக் கழித்துவிடுவோம். நாளைக்கு 10½ மணி. ஆறு நாளைக்கு 63 மணி. வீட்டு வேலைக்கு வருவோம். இந்திய சர்க்கார் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் சராசரியாக நாளைக்கு 289 நிமிடம் செய்கிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். பெண்கள் கணக்கில் வெளிவேலைக்குப் போகாதவர்களும் உண்டு. ஆகவே கம்பெனிக்குப் போகிறவளுக்கு 4 மணி என்று குறைத்தே வைப்போம். ஏழு நாளைக்கு 28 மணி. 63ம் 28ம் 91!

கனவான் கேட்ட தொண்ணூறுக்கு மேல் ஒரு மணி அதிகமாகவே இவள் உழைத்துவிட்டாள். கிடைத்தது என்ன? 28 மணிக்குச் சல்லிக்காசு இல்லை. அதிக நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. பல கம்பெனிகளிலோ அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளந்தான். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அந்தக் கோடிகளில் இந்தத் தாயின் விடியற்காலையும் இருக்கிறது.

“தாய்மை தெய்வீகமானது, அதைக் காசில் அளக்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். நன்றாயிருக்கிறது! தெய்வம் என்று சொல்லிவிட்டால் சம்பளமும் கொடுக்க வேண்டாம், ஓய்வும் கொடுக்க வேண்டாம் அல்லவா? தொழிலாளி நாளைக் காலையில் வேலைக்கு வரவேண்டுமானால் இன்றிரவு யாரோ அவனுக்குச் சோறு போட வேண்டும். நாளைய தொழிலாளி வளரவேண்டுமானால் இன்று யாரோ பாலூட்ட வேண்டும். இந்த வேலையெல்லாம் ஓசியில் நடப்பதால்தான் முதலாளிக்குக் கூலி மலிவாகக் கிடைக்கிறது. இதுதான் தெய்வீகத்தின் ரகசியம்!

இந்த வேலை நின்றால் என்ன ஆகும்? 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்து நாட்டுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஆபீஸ் வேலை, ஆலை வேலை, அடுப்படி வேலை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பள்ளிகளும் கடைகளும் மூடிக் கிடந்தன. அப்பன்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். மறு வருஷமே அந்த நாட்டுப் பாராளுமன்றம் சமத்துவச் சட்டம் நிறைவேற்றியது.

தாயின் சுமை தலைவிதி அல்ல. இறக்கி வைக்கக் கூடியதே. தமிழ்நாட்டில் 2021இல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் ரத்தாயிற்று. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. பள்ளியில் வேகும் அந்த உப்புமா எத்தனை தாய்மாருக்குக் காலையில் அரை மணியை மீட்டுக் கொடுத்திருக்கும்! பொதுப் பணத்தில் ஓர் அடுப்பு எரிந்தால் ஆயிரம் வீட்டில் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது.

ஆனால் குழந்தைகள் காப்பகம் எங்கே? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்று பழைய தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ ஐம்பது தொழிலாளர் என்று கணக்கை மாற்றின. நாற்பத்தைந்து பேரில் முப்பத்தைந்து பெண்கள் உள்ள கம்பெனி இனித் தப்பிவிடும்! அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடுகிறது. ஷிப்டு இரவில் முடிகிறது. நடுவிலுள்ள மணிகளில் குழந்தை யார் பொறுப்பு?

நம் வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கக் கூட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்காகத் தொண்டை கிழியப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து “தண்ணீர் கொண்டா” என்று அதிகாரம் செய்கிற தோழர்கள் இருக்கிறார்கள். 289க்கும் 88க்கும் உள்ள இடைவெளியை எந்தச் சர்க்கார் உத்தரவும் முழுதாக அடைக்காது. குடம் தூக்கினால் ஆண்மை குறைந்துவிடாது, தோழர்களே!

இத்தனை பாட்டிலும் அந்தத் தாய் சிரிக்காமல் இல்லை. தண்ணீர் வரிசையில் ஒருத்தி அடிக்கும் கேலிக்கு வரிசையே குலுங்குகிறது. சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு முழம் மல்லிகையும் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் மிக்சரும் வாங்குகிறாள். ஞாயிறு மத்தியானம் கால் கிலோ கறிக் குழம்பு கொதிக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சின்னவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கேட்கிறாள். இவற்றில் எதையும் எந்த முதலாளியும் கொடுக்கவில்லை. 91 மணிக்கு மிஞ்சியதிலிருந்து அவளே பிடுங்கி வைத்துக்கொண்டது. தொண்ணூறு மணிக் கனவான்களின் கண் இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை மேலேதான்!

விட முடியாது. எட்டு மணி நேர வேலை, அதிலேயே குடும்பம் நடத்தப் போதிய கூலி, ஷிப்டு முடியும் வரை திறந்திருக்கும் காப்பகம், வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர்: இவற்றைக் கேட்டு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் குரல் எழட்டும். அந்தக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் வர வேண்டுமானால், அன்று மாலை அடுப்படியை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்!