பிள்ளையின் கையிலே ஒரு வாள்

பலெர்மோவில் எம்மவர் இல்லங்களுக்குச் செல்லும்போது அண்மைக்காலமாக ஒரே கேள்வியையே நாம் எதிர்கொள்கின்றோம். "சண்டைக்குப் பயந்து கடல் கடந்து வந்தோம். இங்கே பிள்ளை கணனியின் முன்னிருந்து நாள் முழுதும் வாள் வீசுகின்றான். இதற்கென்ன செய்வது?" போரைக் கண்ணால் கண்ட பெற்றோரின் இக்கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்வோம். நாம் வாழும் இந்நகரமே வாட்போரைக் கலையாக வளர்த்த நகரம். 'ஓப்பெரா டெய் பூப்பி' எனும் பாவைக்கூத்தில் ஓர்லாந்தோவும் ரினால்தோவும் கவசம் பூண்டு மோதுவர், ஆட்டுவிப்பவர் காலால் பலகையை உதைத்துத் தாளமிடுவார், தலைகள் உருளும். சிசிலியின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இதனைக் கண்டு வளர்ந்தனர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. எமது நாட்டுக்கூத்திலும் வாளேந்திய அரசர்கள் ஆடவில்லையா? ஆகவே, வாள் தோன்றுவது மட்டும் குற்றமன்று. அதனைச் சூழ்ந்துள்ள கதை எது, அருகிலிருந்து அக்கதையைப் பேசுபவர் யார் என்பனவே கேள்விகள்.

ஒரு விளையாட்டை எடுத்துக் கொள்வோம். பிரான்சின் லியோன் நகரிலிருந்த அர்கேன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'ஆர்க்ஸ் ஃபாட்டாலிஸ்' அது. கதிரவன் அணைந்துபோன உலகம். குளிரில் வாழ வழியின்றி மக்கள் நிலத்தடிச் சுரங்கங்களிற் குடியேறுகின்றனர். நாயகன் சிறைக்கூடத்தில் கண்விழிக்கின்றான். தன் பெயரும் அவனுக்கு நினைவில்லை. சக கைதியொருவன் 'பெயரற்றவன்' எனும் பொருள்பட அவனுக்குப் பெயரிடுகின்றான். விளையாடுபவர் அனைத்தையும் அவன் கண்களினூடாகவே காண்கிறார். வாளை ஓங்கிப் பிடித்துத் தருணம் பார்த்து வீசினாலே வெட்டு வலுக்கும். மாவை நீருடன் சேர்த்து நெருப்பருகே வைத்தால் உணவும் கிடைக்கும்.

வாழ்ந்த இடத்தை இழந்து பெயர்ந்த மக்களும், பெயரை இழந்த கைதியும் எமக்கு அந்நியரோ? பிள்ளை அங்கே வாளைக் காண்கின்றான். நாமோ அவனுடன் அமர்ந்து அக்கதையைக் காணத் தவறிவிடுகின்றோம்.

இவ்விளையாட்டிற்கு வேறொரு சிறப்பும் உண்டு. 2011 ஜனவரியில் அந்நிறுவனம் இதன் மூலநிரலைப் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அதாவது, விளையாட்டை இயக்கும் கட்டளைகளை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். தன்னார்வலர்கள் அதனைச் செப்பனிட்டு 'ஆர்க்ஸ் லிபெர்ட்டாட்டிஸ்' எனும் பதிப்பை உருவாக்கி, லினக்ஸ் கணனிகளிலும் இயங்கச் செய்தனர். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டற்றுக் கிடைப்பது இயக்கும் பொறி மட்டுமே. படங்களும் ஒலிகளும் கதையும் விலைக்குரியவை. எனினும் விலையின்றிக் கிடைக்கும் மாதிரிப் பதிப்பைக் கொண்டு தொடக்கப் பகுதியை விளையாடிப் பார்க்கலாம்.

பாவைக்கூத்தின் நுணுக்கங்களைத் திரைக்குப் பின்னே நின்று கற்றவர்கள் பெரும்பாலும் அக்குடும்பங்களின் பிள்ளைகளே. இங்கோ அத்திரை எல்லோருக்கும் விலக்கப்பட்டுள்ளது. பிறர் இல்லங்களிற் பணிபுரிந்து பிள்ளையைப் படிக்க வைக்கும் எமது தாய்மாரின் மகனும் மகளும் உள்ளே சென்று, அந்த வாள் எவ்வாறு அசைகின்றது என்பதைக் காசு செலவின்றிக் கற்கலாம்.

பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. இருளும் குருதியும் மிகுந்த இத்தகைய விளையாட்டுகள் சிறுவர்களுக்கு ஏற்றவையல்ல, அவர்களுக்கு மறுத்துவிடுங்கள். வளர்ந்த பிள்ளையாயின், ஒரு ஞாயிறு மாலை அருகில் அமர்ந்து, "இவன் யார்? ஏன் சிறையில் இருக்கின்றான்?" என்று கேளுங்கள். கதையைத் தமிழிலே சொல்லச் செய்யுங்கள். பின்னர் நீங்கள் வந்த கதையையும் சொல்லுங்கள். அதன்பின், இதனை இயக்கும் நிரலைப் பார்த்ததுண்டா என்றும் கேட்டு வையுங்கள்.