தெருவில்லாத தெரு ஓவியம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவர் கைப்பேசியில் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். புதிய தெரு ஓவியங்களும் சர்ரியல் ஓவியங்களும் சேர்ந்த கண்காட்சி. சென்னையில் இப்படியெல்லாம் நடக்கிறதே என்ற சந்தோஷத்தோடு கிளம்பினேன்.

ஆட்டோ ஓட்டி வந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. பேச்சுவாக்கில் தெரிந்தது, இருபது வருடம் சுவர் விளம்பரம் எழுதியவராம். சிமென்ட், பனியன், கட்சிச் சின்னம், தலைவர் முகம், எல்லாம் எழுதியிருக்கிறார். சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து, கட்டம் போட்டு, கையகலப் படத்தை இருபதடிச் சுவருக்கு ஏற்றுவார்களே, அந்த வேலை. ஓரத்தில் தன் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போடுவாராம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவுக்கு வந்துவிட்டார்.

"நீங்களும் வாங்கண்ணே, சுவர்ப் படம்தான் வெச்சிருக்காங்களாம்" என்று கூப்பிட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சட்டையை உதறிச் சரிசெய்துகொண்டு வந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த காவலாளி என்னைப் போகவிட்டார். அவரை நிறுத்தினார். "உங்களுக்கு என்ன வேணும்?"

என்னோடு வந்தவர் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். ஆனால் அந்த மூன்று வார்த்தையிலேயே மனிதர் பாதியாகிவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அறை முழுக்க நடந்தார்.

உள்ளே செங்கல் சுவர் போலத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதன்மேல் வரிசையாகக் கான்வாஸ்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிறு அட்டை. எல்லாம் ஆங்கிலம். தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. ஒரு படத்தின் முன்னால் அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஸ்ப்ரேயை இவ்வளவு கிட்ட வெச்சு அடிச்சா ஒழுகுமே சார். இங்க ஒழுகாம எப்படி நிறுத்தினாரு?"

அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் மிக நல்ல கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும். பதில் சொல்ல ஆளில்லை. அட்டையில் 'நகர்ப்புற அடையாளம்' பற்றி என்னவோ எழுதியிருந்தது. கைவேலையைப் பற்றி எதுவும் இல்லை. பத்து நிமிடம் இருந்தார். "சவாரி போகணும் சார்" என்று கிளம்பிவிட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. தெருவின் பெயரைச் சொல்லிக் கண்காட்சி வைக்கிறீர்கள். தெருவில் இருபது வருடம் எழுதிய மனிதர் வாசலில் வந்து நின்றால், என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள்!

தெருவின் கலையைத் தெருக்காரர்களிடமிருந்து பிரிக்கும் இந்த நோய் நம் ஊரோடு நிற்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் கீத் ஹேரிங் என்ற ஓவியர் வரைந்தார். விளம்பரம் இல்லாத பலகைகளைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடி வைத்திருப்பார்கள். அதன்மேல் வெள்ளைச் சாக்கட்டியால் நிமிடக் கணக்கில் ஒரு படம். வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, வேலையில்லாதவர் என்று எல்லோரும் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்தார்கள். போலீஸ் பிடித்தும் அவர் நிறுத்தவில்லை. அவர் பெயர் ஏறியதும் படங்களைத் தாளோடு உரித்துக்கொண்டு போய் விற்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு, 1985 வாக்கில், அவரே சுரங்கத்தில் வரைவதை விட்டுவிட்டார். போலீஸால் முடியாததை வாங்கி விற்கிறவர்கள் செய்து முடித்தார்கள்.

லண்டனின் வுட் கிரீன் பகுதியில் நடந்தது இன்னும் மோசம். 2012இல் அங்கே ஒரு மலிவு விலைக் கடையின் பக்கச் சுவரில் பேங்ஸி என்ற தெரு ஓவியரின் படம் ஒன்று வந்தது. தையல் இயந்திரத்தின் முன் மண்டியிட்டுப் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைக்கும் சிறுவன். அரசியின் வைரவிழாவுக்கு ஊரெல்லாம் தோரணம் கட்டிய நேரம் அது. மலிவுப் பொருள் விற்கும் கடையின் சுவரில், மலிவுக்கு உழைக்கும் பிள்ளை. அந்தச் சுவரில் இருந்தால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம். மறு பிப்ரவரியில் சுவரோடு பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அடுத்து அது மயாமி ஏலப் பட்டியலில் தென்பட்டது. ஊர்க்காரர்கள் திரண்டு சத்தம் போட்டதில் அந்த ஏலத்திலிருந்து விலக்கினார்கள். சில மாதம் கழித்து லண்டனிலேயே விற்றுவிட்டார்கள். தினமும் அந்த வழியாக நடந்தவர்களுக்கு மிஞ்சியது பூசி மூடிய சுவர்.

2016 மார்ச்சில் இத்தாலியின் பொலோன்யா நகரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ப்ளூ என்ற பெயரில் வரைகிறவர், முகம் காட்டாதவர், அந்த ஊர்ச் சுவர்களில் இருபது வருடமாகப் பிரம்மாண்டமான படங்கள் வரைந்திருந்தார். ஊரின் பெரிய அமைப்பு ஒன்று, பேங்ஸி பெயரை முன்னால் போட்டுத் தெரு ஓவியக் கண்காட்சி ஒன்றை அருங்காட்சியகத்தில் ஏற்பாடு செய்தது. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த படங்களும் அதில் இருந்தன, ப்ளூவின் படங்கள் உட்பட. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அழிந்துபோகாமல் காப்பாற்றுகிறோம் என்றார்கள் அமைப்பாளர்கள். கண்காட்சி திறப்பதற்குச் சில நாள் முன்னால் ப்ளூ சாம்பல் நிறப் பெயிண்டோடு இறங்கினார். ஊர்க்காரர்கள் உருளையும் பிரஷும் எடுத்துக்கொண்டு கூடவே போனார்கள். பொலோன்யாவில் மிச்சமிருந்த தன் படங்களை ஒவ்வொன்றாக அவர்களோடு சேர்ந்து மூடினார். இருபது வருட உழைப்பு!

தான் வரைந்ததைத் தானே அழிக்க எந்தக் கலைஞனுக்குக் கை வரும்? அதைவிடக் கொடுமையான ஒன்றைப் பார்த்தால்தான் வரும். வெயிலிலும் மழையிலும் ஒரு படம் உதிர்ந்து போனால் அது அதன் ஆயுள். கோலம் மறுநாள் வாசல் தெளிக்கும்போது கலைவதை நாம் திருட்டு என்று சொல்வதில்லை. எடுத்துப் பூட்டி வைத்துச் சீட்டு விற்பது வேறு.

கலைக்கூடங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்ரியல் ஓவியத்துக்கு அறை தேவை. எழுத்தாளர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1924இல் பாரிஸில் சர்ரியலிச அறிக்கை வெளியிட்ட காலத்திலிருந்தே, அந்தக் கனவுப் படங்களை ஒரு முழம் தள்ளி நின்று, அவசரமில்லாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னாளில் அமெரிக்காவில் காமிக்ஸும் பச்சைகுத்தலும் கார்களுக்குத் தீட்டும் சித்திரமும் பார்த்து வளர்ந்த கனவு ஓவியர்களைப் பெரிய கூடங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு இடம் கொடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸில் 1986இல் தொடங்கிய லா லூஸ் தே ஜீஸஸ் போன்ற சிறு கூடங்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் வில்லியம்ஸும் நண்பர்களும் 1994இல் ஜக்ஸ்டபோஸ் இதழைத் தொடங்கினார்கள். கனவு ஓவியர்களையும் கிராஃபிட்டிக்காரர்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டது அது. இன்று இரண்டையும் ஒரே அழைப்பிதழில் போடுகிற வழக்கம் அங்கிருந்துதான் வேரூன்றியது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று திறந்த கதவு அது. அதே வகைக் கண்காட்சியின் கதவு இன்று இன்னொருவரை வெளியே நிறுத்துவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்ய வழியில்லாமலும் இல்லை. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரில், 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர்கள் வரைந்தார்கள். ஏ-கில் என்ற சென்னை ஓவியரின் முகங்கள் மாடி உயரத்துக்கு அங்கே சிரிக்கின்றன. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் அவரும் காத்ரா என்ற ஓவியரும் எச்ஐவியோடு வாழ்பவர்களை மனதில் வைத்துப் பெரிய முகவரிசை ஒன்று வரைந்தார்கள். சீட்டு வேண்டாம். காவலாளி கிடையாது. குடத்தோடு நிற்கிறவரும் பார்க்கிறார், ரயிலுக்கு ஓடுகிறவரும் பார்க்கிறார். கண்ணகி நகரில் குடியிருப்பவர்களின் குடிநீர்க் குறையும் சாக்கடைக் குறையும் வண்ணத்தால் தீராது, அது தெரியும். ஆனால் படம் யாருக்காக வரையப்பட்டதோ, அவர்கள் கண்முன்னாலேயே இருக்கிறது.

கண்காட்சி நடத்துகிற அன்பர்களே, உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். புதிய ஓவியர்களுக்கு வருமானம் வேண்டும், கான்வாஸ் வரையட்டும், விற்கட்டும், நானும் முடிந்தால் வாங்குகிறேன். சுவரில் இருப்பதைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். படத்துக்குக் கீழே தமிழிலும் நான்கு வரி எழுதுங்கள். எந்தப் பெயிண்ட், எத்தனை நாள், எப்படி ஒழுகாமல் நிறுத்தினார் என்பதையும் அதில் சொல்லுங்கள். சுவர் எழுதிக் கைநரம்பு முறுக்கேறிய பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். வாசலில் நிற்கும் காவலாளித் தம்பியிடம், யார் வந்தாலும் "வாங்க" என்று சொல்லச் சொல்லுங்கள்.